விரிவதற்கு ஓர் இடம்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், கோலாலம்பூரை அடுத்த செராஸில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து நள்ளிரவில் ஓர் ஓசை எழுந்தது. கண்ணாடிக் குவளை கல்தரையில் விழுந்து உடைந்தாற்போன்ற, சிறியதாயினும் கூர்மையான ஓசை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் குவளைகள் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால், அன்று மாலை பட்டறையில் பற்றவைத்து, இளஞ்சூடு முற்றும் ஆறுமுன்பே வாங்கிவந்து சுவரோரம் சாய்த்து வைத்திருந்த விறகடுப்பின் வார்ப்பிரும்புக் கதவில், ஒட்டிய தழும்புக்கு ஒரு நெல்லின் நீளம் தள்ளி, அத்தழும்புக்கு இணையாகவே, மயிரிழை போன்ற புதிய விரிசலொன்று மேலிருந்து கீழ்வரை ஓடியிருந்தது. ஒட்டிய இடமோ சிறிதும் அசையாமல் அப்படியே இருந்தது. ஒருவரும் தொடாத, தீயும் மூட்டாத, சும்மா சாய்ந்திருந்த இரும்பு, பழுது பார்த்த இடத்தை விட்டுப் பக்கத்தில் போய் ஏன் பிளக்க வேண்டும் என்ற வினா அன்றிரவு என்னைப் பற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடிச் சென்றபோது அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அந்த அடுப்பு ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவின் சமையலறையில் நெடுங்காலம் எரிந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறிய காலத்தில், அங்கே சமையற்காரராக இருந்த என் பாட்டனார் அதைக் கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மைல்கற்களைக் கொண்டு ஒன்பதாம் கட்டை என்றும் பதினோராம் கட்டை என்றும் ஊர்களைக் குறித்த செராஸ் சாலையில் இன்று மின்ரயில் தலைக்குமேல் ஓடுகிறது. எரிவாயு அடுப்பு முன்கட்டுக்கு வந்து ஒரு தலைமுறையாகிவிட்டது. ஆயினும், அதிரசமும் முறுக்கும் சுடுவதற்கு அந்த விறகடுப்பின் நின்று எரியும் உஷ்ணமே வேண்டும் என்பது என் தாயாரின் தீர்மானமான அபிப்பிராயம். ஆகவே ஆண்டில் சில நாட்களேனும் அது எரிகிறது. அதன் நான்கு பக்கத் தகடுகளும், மேல்தகடும், கதவும், உள்ளே விறகைத் தாங்கும் தட்டியும் யாவும் தனித்தனியே வார்க்கப்பட்டு மரையாணிகளால் பிணைக்கப்பட்டவை. கதவின்மீது திராட்சைக் கொடி ஒன்று, இலையின் நரம்பு வரையில் துலங்கும்படி வார்க்கப்பட்டிருக்கிறது. செய்தவர் பெயர் துருவில் மறைந்துவிட்டது. அக்காலத்தில் இத்தகைய அடுப்புகளை உலகெங்கும் அனுப்பியவற்றுள் ஸ்காட்லாந்து தேசத்தின் பால்கர்க் வட்டாரம் பேர் பெற்றது. 1759-இல் தோன்றிய காரன் இரும்பாலையும், பானிபிரிட்ஜ் என்னும் சிற்றூரிலிருந்த ஸ்மித் அண்டு வெல்ஸ்டுட் ஆலையும் அங்கேதான் இருந்தன.

அடுப்பில் மூன்று பழுதுகள் இருந்தன. கதவில் ஒரு விரிசல். மேல்தகட்டின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடிய மற்றொரு விரிசல். உள்ளே கம்பிகள் வளைந்தும் செதிலெடுத்தும் போன தட்டி. மூன்றையும் ஒரே விதமாக, மின்சாரத்தால் பற்றவைத்துவிடலாம் என்று எண்ணியதே நான் செய்த பிழை. மூன்றும் ஒரே உலோகமாயினும் மூன்றுக்கும் மூன்று விதமான சிகிச்சை வேண்டும் என்பதை, சிந்தூல் ரயில்வே பட்டறையில் இயந்திரம் பொருத்துபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பின்னர் எனக்கு உணர்த்தினார்.

அதை அறிவதற்கு முன், வார்ப்பிரும்பு என்னும் பதார்த்தத்தின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். நம் முன்னோர் கைக்கொண்ட இரும்பு பெரும்பாலும் கொல்லன் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடித்த இரும்பு. அரிவாளும் கொழுவும் ஆணியும் அவ்வாறு பிறந்தவை. அந்த இரும்பு பழுத்தால் வளையும், அடித்தால் நீளும், இரண்டு துண்டுகளை வெள்ளை வெளேரென்று காய்ச்சி ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் ஒன்றாகும். வார்ப்பிரும்போ, குழம்பாக உருகி அச்சில் ஊற்றப்பட்டது. சம்மட்டி பட்டால் சிதறுவது. இந்த பேதத்துக்கெல்லாம் காரணம் கரி. சாமானிய எஃகில் கரி நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க, வார்ப்பிரும்பில் அது இரண்டரை முதல் நான்கு பங்கு வரையில் உள்ளது. கூடவே ஒன்று முதல் மூன்று பங்கு சிலிக்கனும் கலந்திருக்கிறது. சுத்தமான இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி உஷ்ணம் வேண்டும். கரி மிகுந்த இவ்விரும்போ 1,150 டிகிரியை அடுத்தே உருகத் தொடங்கிவிடும். எளிதில் உருகி, நீர் போல் ஓடி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து நிற்கும் இந்தக் குணத்தைக் கண்டுதான் சீனர்கள் ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதைக் கொண்டு கலப்பைக் கொழுவும் கோடரியும் வார்த்தார்கள்.

உருகிய நிலையில் இரும்புக்குள் கரைந்திருக்கும் கரி, குழம்பு இறுகும்போது என்ன ஆகிறது என்பதில்தான் ரகசியம் அடங்கியிருக்கிறது. மெதுவாக ஆறினால், கரி இரும்பிலிருந்து பிரிந்து, பென்சில் முனையில் நாம் காணும் அதே கிராபைட்டாக, மெல்லிய செதில்களாக வளர்ந்து, இரும்பு முழுவதும் பரவி நிற்கும். உடைந்த வார்ப்பிரும்பின் முகம் சாம்பல் நிறமாகத் தோன்றுவதும், அதை விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டுவதும் அதனாலேயே. கிராபைட் இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆகையால், இறுகும் உலோகம் சுருங்கி அச்சை விட்டு விலக எத்தனிக்கும் அதே தருணத்தில், உள்ளே பிறக்கும் செதில்கள் அதைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. எங்கள் அடுப்புக் கதவின் திராட்சை இலை நரம்போடு துலங்குவதற்குக் காரணமான குணங்களுள் இதுவும் ஒன்று. இயந்திர மேடைகளின் அதிர்வை இவ்விரும்பு விழுங்கிக்கொள்வதும், கடைசல் இயந்திரத்தில் பொடிப்பொடியாக எளிதில் உதிர்வதும் இச்செதில்களின் உபகாரமே.

ஆனால், இந்த உபகாரத்தைச் செய்யும் செதிலே அபகாரத்தையும் செய்கிறது. கிராபைட்டுக்கு இழுவிசையைத் தாங்கும் பலம் இல்லை. எனவே ஒவ்வொரு செதிலும், இரும்பின் உடலுக்குள் பிறவியிலேயே அமைந்துவிட்ட ஒரு நுண்ணிய பிளவுக்குச் சமானமாகிறது. அமுக்கினால் அப்பிளவுகள் மூடிக்கொள்ளும்; இழுத்தால் திறக்கும். அமுக்கத்தில் தாங்கும் பாரத்தில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கையே சாம்பல் வார்ப்பிரும்பு இழுவிசையில் தாங்குகிறது. தூணாக நின்று மாடியைச் சுமக்கும் அது, உத்தரமாகப் படுத்தால் முறியக் கூடும். 1948-இல் இதற்கு ஒரு மாற்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உருகிய இரும்பில் மிகச் சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால், கரி செதிலாக வளராமல் சிறு உருண்டைகளாகத் திரள்கிறது. கரியின் அளவு ஏறக்குறைய அதுவே, வடிவம் மாத்திரம் வேறு. அந்த இரும்போ முறியாமல் வளைகிறது. பொருளின் குணம் அதில் என்ன இருக்கிறது என்பதால் மட்டும் அமைவதில்லை, எந்த உருவத்தில் இருக்கிறது என்பதாலும் அமைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். எங்கள் அடுப்பு அந்தக் கண்டுபிடிப்புக்கு முந்தியது. போதாக்குறைக்கு, மெல்லிய தகடுகளில் இரும்பு தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக அக்காலத்து அடுப்பு வார்ப்படங்களில் பாஸ்பரஸ் மிகுந்த இரும்பை ஊற்றுவது வழக்கம். அழகைத் தந்த அந்தப் பாஸ்பரஸ் நொய்மையையும் சேர்த்தே தந்தது.

இனி, அடுப்பு ஏன் விரிசல் விடுகிறது என்று பார்ப்போம். உஷ்ணம் ஏறினால் இரும்பு விரியும். ஒரு மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு ஒவ்வொரு நூறு டிகிரிக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். தகடு முழுவதும் ஒரே சீராகச் சூடேறி, தடையின்றி விரிந்து, மீண்டும் ஒரே சீராக ஆறினால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் அறுபது சென்டிமீட்டர் அகலமுள்ள மேல்தகட்டில் தீ நடுவில் அல்லவா படுகிறது! நடுப்பகுதி விளிம்பைவிட இருநூறு டிகிரி அதிகமாகச் சூடேறினால், அது விளிம்பைவிட ஒன்றேகால் மில்லிமீட்டர் கூடுதலாக நீள முயலும். குளிர்ந்த விளிம்பு அதை வளையம் போல் சூழ்ந்து தடுக்கும். நடுப்பகுதி அமுக்கத்துக்கு உள்ளாகிறது. அதை வார்ப்பிரும்பு பொறுத்துக்கொள்ளும். விளிம்போ இழுவிசைக்கு உள்ளாகிறது. அதைத்தான் அது பொறாது. அடுப்பின் மேல்தகடுகள் தீ படும் நடுவில் பிளக்காமல், தீயே படாத விளிம்பில் பிளக்கத் தொடங்குவதன் காரணம் இதுவே. பொங்கி வழிந்த கஞ்சியோ ஒரு குவளைத் தண்ணீரோ காய்ந்த தகட்டில் ஓரிடத்தில் கொட்டிவிட்டால், அவ்விடம் நொடியில் சுருங்க, சுற்றுப்புறம் சுருங்க மறுக்க, ஆண்டுக்கணக்கில் ஏற்படும் சேதம் ஒரு கணத்தில் நேர்ந்துவிடும். தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளிக்கலாம், காய்ந்த கல்லைக் குழாயடியில் காட்டலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த விதியைத்தான்.

ஒரு முறை பிறந்த விரிசல் மேலும் மேலும் ஓடுவதற்கும் கணக்கு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் இங்லிஸ் என்னும் பொறியியலாளர், கப்பல் தகடுகளில் ஏற்படும் பிளவுகளைக் குறித்து 1913-இல் ஆராய்ந்து, தகட்டில் வட்டமான ஒரு துளை இருந்தால் அதன் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகும் என்றும், அத்துளை நீண்டு ஒடுங்க ஒடுங்க அதன் நுனியில் விசை கட்டின்றிப் பெருகும் என்றும் காட்டினார். அகலத்தைப் போல் நூறு மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளையின் நுனியில் அது இருநூற்றொரு மடங்காகிறது. பிளவின் நீளத்தைவிட அதன் நுனியின் கூர்மையே கொடியது. ஆகவேதான், பட்டறை அனுபவம் உள்ளவர்கள் விரிசலைச் செப்பனிடுமுன் அதன் முனையைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே சிறு வட்டத் துளை ஒன்றைப் போடுகிறார்கள். நுனி மழுங்கியதும் விசை பரவி, விரிசல் நின்றுவிடுகிறது. முனை கண்ணுக்குத் தெரியுமிடத்தில் முடிவதில்லை என்பதால், பெரியவர் ஓர் எளிய பரீட்சை செய்தார். தகட்டின்மேல் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டியைப் பொடித்துப் பூசினார். பிளவுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் வெண்பொடியில் ஊறி மேலேறி, கறுத்த கோடாகத் தெரிந்தது. நாங்கள் முடிந்துவிட்டது என்று எண்ணிய இடத்துக்கு அப்பால் இரண்டு விரற்கடை தூரம் அது ஓடியிருந்தது.

இப்போது நள்ளிரவு ஓசைக்கு வருவோம். மின்சாரச் சுடர் பட்ட இடத்தில் இரும்பு உருகுகிறது. அதை அடுத்த குறுகிய பட்டையில் உருகாவிட்டாலும் செந்தழலாகப் பழுக்கிறது. ஏறத்தாழ 730 டிகிரிக்கு மேல் இரும்பின் உள்ளமைப்பு மாறி, கிராபைட் செதில்களிலிருந்து கரி மீண்டும் இரும்புக்குள் கரையத் தொடங்கும். சுடரை எடுத்ததும், சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அந்த உஷ்ணத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, கரைந்த கரிக்குப் பிரிந்து செதிலாக வளர அவகாசம் கிடைப்பதில்லை. அது இரும்போடு பிணைந்தே உறைந்து, கண்ணாடி போல் கடினமானதும் கண்ணாடி போல் உடைவதுமான ஒரு மெல்லிய பட்டையாகிறது. கொல்லர் அரிவாளின் வாயைத் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கும் அதே வித்தை இங்கே வேண்டாத இடத்தில் நடந்துவிடுகிறது. உருகிச் சேர்ந்த உலோகம் ஆறச் சுருங்கி இழுக்கும்போது, எஃகாயிருந்தால் சற்றே நீண்டு கொடுத்திருக்கும். இந்தப் பட்டைக்கோ நீளத் தெரியாது. அது தாங்குமட்டும் தாங்கி, கடைசிச் சூடும் அடங்கும் வேளையில் ஓசையோடு பிளந்தது. தழும்பு பலமாக இருந்ததே அதன் பக்கத்தில் இரும்பு முறியக் காரணமாயிற்று. சாமானிய எஃகுக் குச்சியைக் கொண்டு, முன்கூட்டிச் சூடாக்காமல், அவசரத்தில் ஒட்டியதன் பலன் அது.

அப்படியானால் வார்ப்பிரும்பை ஒட்டவே முடியாதா என்றால், முடியும். 1917-இல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியபோது, அந்நாட்டுத் துறைமுகங்களில் தங்கியிருந்த ஜெர்மானியக் கப்பல்களின் மாலுமிகள் தம் கப்பல்கள் பிறர்க்குப் பயன்படாதிருக்க வேண்டுமென்று நீராவி இயந்திரங்களின் பிரம்மாண்டமான வார்ப்பிரும்பு உருளைகளை உடைத்துப் போட்டனர். புதிதாக வார்ப்பதென்றால் மிக நீண்ட காலம் பிடிக்கும் என்ற நிலையில், அமெரிக்கர்கள் மின்சாரப் பற்றவைப்பால் அவற்றை இருந்த இடத்திலேயே செப்பனிட்டுக் கடலில் இறக்கினார்கள். இன்று அந்தக் கலையில் இரண்டு நெறிகள் உண்டு. ஒன்று வெந்நெறி: முழுப் பாகத்தையும் 500 முதல் 650 டிகிரி வரை சீராகக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே ஒட்டி, பிறகு மிக மெதுவாக ஆறவிடுவது. மற்றொன்று தண்ணெறி: நிக்கல் மிகுந்த குச்சியைக் கொண்டு, ஓர் அங்குலத்துக்கு மேற்படாத சிறு சிறு துண்டுகளாக ஒட்டி, ஒவ்வொன்றையும் சூடு தணியுமுன் சிறு சுத்தியலால் தட்டிப் பரப்பி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே அடுத்த துண்டைத் தொடுவது. நிக்கல் கரியோடு சேர்ந்து கடினமாவதில்லை. மிருதுவாக இருந்து, சுருங்கும் இழுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறது. சுத்தியலின் தட்டு அந்த இழுப்பை மேலும் தளர்த்துகிறது. தீயே காட்டாத வழியும் ஒன்று உண்டு. எண்ணெய்க் கிணறுகளின் அருகே நெருப்பு ஆகாது என்பதால், 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விரிசலுக்குக் குறுக்கே துளைகள் இட்டு உலோகப் பூட்டுகளை அடித்து இறக்கித் துணி தைப்பது போல் இரும்பைத் தைக்கும் முறை வளர்ந்தது. இவற்றுக்கெல்லாம் மிகப் பழையது சீன தேசத்து ஊர்சுற்றிக் கைவினைஞர்களின் முறை. துருத்தியும் கையடக்கமான மூசையும் சுமந்து வந்து, ஓட்டையான வாணலிக்கு உருகிய இரும்பையே சொட்டுச் சொட்டாக வைத்து, இரு புறமும் அமுக்கி, அதை அடைத்துத் தருவார்கள். இரும்புக்கு இரும்பே மருந்து என்ற எளிய தத்துவம் அது.

எங்கள் கதவுக்குப் பெரியவர் தேர்ந்தெடுத்தது வெந்நெறி. கதவு தனியாகக் கழற்றக் கூடிய சிறிய பாகம், எதனோடும் பிணைக்கப்படாதது, முழுவதையும் ஒரே சீராகக் காய்ச்சலாம், முழுவதும் ஒரே சீராகச் சுருங்கலாம். பழைய தழும்பையும் அதை ஒட்டிய கடினப் பட்டையையும் அரைத்து நீக்கி, விரிசலின் நெடுக வாய்க்கால் போல் சரிவாக வெட்டி, முனைகளில் துளையிட்டு, கரி நெருப்பின்மேல் படுக்கவைத்தார். பகல் வெளிச்சத்தில் செந்நிறம் தெரியாது என்பதால் அந்தி மயங்கும் வேளையில் வேலையைத் தொடங்கினார். இருட்டில் இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது ஏறக்குறைய ஐந்நூறு டிகிரிக்கு மேல் என்பது அவருக்குக் கண் பழக்கம். கதவு முழுவதும் அந்த நிறத்தை அடைந்ததும், வாயுச் சுடரால், வார்ப்பிரும்புக் குச்சியையே உருக்கி இட்டு வாய்க்காலை நிரப்பினார். பித்தளைக் குச்சியால் ஒட்டுவது இதைவிட எளிதாயிற்றே என்று கேட்டேன். பித்தளை இரும்பைவிட அதிகமாக விரியும், சூடு ஏற ஏறப் பலம் குன்றும், தீ முகத்தில் நிற்காது என்று விளக்கினார். வேலை முடிந்ததும் கதவைத் தூக்கி, அதே அடுப்பில் சேர்ந்திருந்த சாம்பலைக் கொட்டி வைத்திருந்த தகரப் பெட்டியில் புதைத்தார். சாம்பல் உஷ்ணத்தை எளிதில் வெளியே விடாது. கரி நிதானமாகப் பிரிந்து செதிலாவதற்கு வேண்டிய கால அவகாசத்தை அது கொடுக்கும். மறுநாள் பிற்பகலில்தான் பெட்டியைத் திறந்தோம். அன்றிரவும் அதற்கடுத்த இரவும் நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். ஓசை ஏதும் எழவில்லை.

தட்டியைக் கண்டதும் அவர் தலையை அசைத்துவிட்டார். நெடுங்காலம் செந்தழலில் கிடந்த வார்ப்பிரும்பு வெறுமனே தேய்வதில்லை, அது வளர்கிறது. உஷ்ணத்தில் இரும்போடு பிணைந்திருந்த கரியும் பிரிந்து கிராபைட்டாகிப் பருக்கிறது. கிராபைட் செதில்களின் ஓரமாகக் காற்று உள்ளே ஊடுருவி, இரும்பை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்கிறது. ஒவ்வொரு முறை காய்ந்து ஆறும்போதும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அவ்வாறு வளர்ந்த எங்கள் தட்டி தன் இருப்பிடத்தில் இறுகிப் போய்ப் பக்கத் தகடுகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளேயே வெந்துபோன அத்தகைய இரும்பில் ஒட்டு பிடிக்காது; புதிதாக வார்ப்பதுதான் வழி. அதற்கு நாங்கள் நெடுந்தூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. ஈயலம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களின் செல்வத்தால் கோலாலம்பூர் வளர்ந்த காலத்தில், சுரங்க அதிபர் சான் சோ லின் இந்நகரில் இரும்பு வார்ப்படச்சாலை ஒன்றை நிறுவினார். அவர் பெயர் தாங்கிய சாலையும் அதைச் சூழ்ந்த பட்டறைகளும் செராஸிலிருந்து நகருக்குப் போகும் வழியில்தான் உள்ளன. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் திசையில் முதல் ரயில் ஓடியதிலிருந்து, உருளையும் தடைக்கட்டையும் உலைத்தட்டியுமாக இப்பள்ளத்தாக்கு வார்ப்பிரும்பைப் பயன்படுத்தியே வந்திருக்கிறது. சிந்தூல் பட்டறையிலும், தோட்டங்களில் ரப்பர்ப் பாலைத் தகடாக்கிய வார்ப்பிரும்பு உருளைகளிலும் தமிழர் கைகள் அந்த இரும்போடு பழகின.

பழைய தட்டியையே அச்சுக்கு மாதிரியாக வைத்து வார்த்துவிடலாம் என்று நான் நினைத்தேன். வார்ப்பவர் அளவுகோலை எடுத்தார். உருகிய இரும்பு இறுகி அறைச் சூட்டுக்கு வருவதற்குள் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஆகவே ஒரு பொருளையே மாதிரியாக வைத்தால் பிறப்பது அதனினும் சிறியதாக இருக்கும். எங்கள் மாதிரியோ தீயில் வளர்ந்து பெருத்த பொருள். சுருக்கத்தையும் வளர்ச்சியையும் ஒன்றுக்கொன்று ஈடாக விட்டுவிடாமல், அடுப்பின் உட்புறத்தையே அளந்து, மாதிரியை அதற்கேற்ப அராவி, இரு முனையிலும் ஒரு விரல் புகும் இடைவெளி இருக்கும்படி அவர் புதிய தட்டியை வார்த்துத் தந்தார். அந்த இடைவெளியைக் காட்டி, அதுதான் தட்டிக்கு ஆயுள் என்றார்.

எஞ்சியது மேல்தகடு. அதன் விரிசலைப் பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "தம்பி, இதை நான் ஒட்ட மாட்டேன். இங்கே ஒட்டினா, இன்னொரு எடத்துல பொளக்கும். அது விரியுறதுக்கு எடம் கேட்குது, கொடுத்துடுங்க" என்றார். எனக்கு அப்பொழுது அது கைவிரிப்பாகவே தோன்றியது. ஆனால் அவர் மரையாணிகளைக் காட்டினார். வார்த்தவர்கள் தகட்டின் துளைகளை ஆணியைவிடப் பெரிதாகவே அமைத்திருந்தார்கள். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்தும் விட்டிருந்தார்கள். நாளடைவில் சாம்பலும் துருவும் அத்துளைகளை இறுக்கி அடைத்துவிட்டன. புகை வருகிறதே என்று நாங்களே சந்து முழுவதையும் சிமெண்டுக் கலவையால் பூசி மூடியிருந்தோம். விரிவதற்கு வழியற்றுப் போன தகடு, தனக்குத்தானே ஒரு சந்தை உண்டாக்கிக்கொண்டது. அதைத்தான் நாங்கள் விரிசல் என்றோம். பெரிய அடுப்புகளின் மேல்தகட்டை ஒரே பலகையாக வார்க்காமல் பல துண்டுகளாகவும், வட்டத்துக்குள் வட்டமாகவும் அமைப்பதன் உட்பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

ஆகவே மேல்தகட்டுக்குச் செய்தது மிகச் சிறிய காரியம். விரிசலின் உண்மையான முனையில் ஆறு மில்லிமீட்டர் துளை ஒன்று இட்டார். இரு பாதிகளும் ஏறியிறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்பதற்காக, அடியில் ஓர் எஃகுப் பட்டையை வைத்து, ஒரு பக்கத்துத் துளையை வட்டமாகவும் மறுபக்கத்துத் துளையை நீளவாக்கிலும் அமைத்து, அழுத்தாமல் பொருத்தினார். மரையாணித் துளைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். புகை கசியாதிருக்க, விரிசலிலும் சந்துகளிலும் நெருப்புக் களிமண்ணும் சோடியம் சிலிக்கேட்டும் சேர்ந்த அடுப்புச் சாந்தை இலேசாகப் பூசினோம். தகடு அசையும் இடமாதலால் அது உதிரத்தான் உதிரும், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இரும்பு அராவற்பொடியையும் நவச்சாரத்தையும் கந்தகத்தையும் குழைத்து அடைத்தால், அந்தப் பொடி துருவாகிப் பருத்துச் சந்தை இறுக மூடிவிடும் என்று பழைய இயந்திர வல்லுநர்கள் கையாண்ட பாகம் ஒன்று உண்டு. நீராவிக் குழாய்களின் இணைப்புக்கு அது உத்தமம். அசைய வேண்டிய அடுப்புத் தகட்டுக்கு ஆகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பழைய அடுப்புகளின் கதவோரத்தில் காணும் வெண்கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக் கூடும். அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும். அதைச் சுரண்டவோ பிய்க்கவோ கூடாது. அத்துறையில் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே நீக்கி, கண்ணாடி இழைக் கயிற்றைப் பொருத்த வேண்டும். அடைத்த அறையில் எரியும் அடுப்பில் விரிசலைக் கவனியாது விடுவதும் தவறு. அதன் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளைக் கொல்லும்.

தீபாவளிக்கு முதல் நாள் அடுப்பைப் பற்றவைத்தோம். முதலில் சுள்ளிகளை மட்டும் வைத்து அரைமணி நேரம் சிறு தீயாக எரித்து, தகடு நடுவும் விளிம்பும் சேர்ந்து சூடேறிய பின்னரே விறகை ஏற்றும்படி பெரியவர் சொல்லிப் போயிருந்தார். நான் மேல்தகட்டின் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறிய நிலையில் நகம் நுழையாதிருந்த அந்தக் கோடு, தகடு காயக் காய விளிம்பில் இலேசாகத் திறந்தது. இரவு தீ அடங்கி எல்லாம் ஆறிய பிறகு மீண்டும் மூடிக்கொண்டது. இந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு முன் சாந்தைப் புதுப்பித்தபோது, மண்ணெண்ணெயும் சாக்குப்பொடியும் கொண்டு மறுபடியும் பரீட்சித்துப் பார்த்தேன். கறுத்த கோடு விளிம்பில் தொடங்கி, பெரியவர் இட்ட துளையில் வந்து முடிந்திருந்தது. துளைக்கு அப்பால் வெண்பொடி வெண்மையாகவே இருந்தது.